அய்யாக்கண்ணு போட்ட ஆறு கோடுகள்

முதலில் அய்யாக்கண்ணுவின் குரலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பதுளைக் கோர்ட்டு வாசற்படியில் நின்று அவர் ஒரு பேரைக் கூப்பிட்டால், எதிரே மரத்தடியில் வெற்றிலை மென்றுகொண்டிருப்பவன் மட்டுமல்ல, கடைவீதியில் துணி அளந்துகொண்டிருப்பவரும் ஒரு கணம் கையை நிறுத்துவார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். உள்ளேயிருந்து கிளாக்கர் பேரைச் சொல்ல வேண்டும், இவர் அதை வாங்கி வெளியே வீச வேண்டும். இந்தக் கதை நடக்கும்போது பத்தொன்பது வருஷமாக இதுதான் அவருடைய உத்தியோகம்.

பிறந்தது தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில். விடியுமுன் ஆட்களை எழுப்பக் கொம்பு ஊதுவது அவருடைய அப்பாவின் வேலை. கொம்பு ஊதி, ஆட்கள் வந்து பெரட்டுக் களத்தில் வரிசை நின்றதும், கங்காணி பேர் எடுப்பான். ஒரு நிமிஷம் பிந்தி வந்தவளுக்கு, "உனக்கு இன்னிக்குப் பேர் இல்ல, போ!" அவன் மனம் கொஞ்சம் இளகியிருந்தால் அரைப்பேர். நாள் முழுக்க வேலை, கிடைப்பது பாதி நாள் கூலி. அட்டை கடித்த காலோடு மழையில் ஓடிவந்த தன் தாயைக் கங்காணி அப்படித் திருப்பி அனுப்பியதை அய்யாக்கண்ணு மூன்று முறை பார்த்திருக்கிறார். நான்காவது முறை பார்க்கப் பிடிக்காமல் பதினாறு வயதில் பதுளைக்கு இறங்கி வந்துவிட்டார். வண்டிப்பேட்டையில் மாடு கட்டிக்கொண்டிருந்தவரின் குரலைக் கேட்ட கோர்ட்டில் மொழிபெயர்த்துச் சொல்லும் முதலியார் ஒருவர்தான், பல வருஷம் கழித்து, அவரைக் கொண்டுபோய் அந்த வாசற்படியில் நிறுத்தினார்.

கூப்பிடுகிற வேலைக்கும் ஒரு முறை இருக்கிறது. ஒரு பேரை மூன்று தரம் கூப்பிட வேண்டும். மூன்றுக்குள் பதில் வந்தால் ஆஜர். அந்தப் பதில் மரத்தடியிலிருந்து வந்தாலும் சரி, ரோட்டுக்கு அப்பாலிருந்து வந்தாலும் சரி, குரல் கேட்டதும் அய்யாக்கண்ணு உள்ளே திரும்பி "ஆஜர்" என்பார். மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால்தான் "ஆஜர் இல்லை." அதில் ஒரு தரம் குறைத்தோ கூட்டியோ அவர் கூப்பிட்டதில்லை. எதிரியாக இருந்தாலும் மூன்று தரம், சொந்த மச்சானாக இருந்தாலும் மூன்று தரம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் கோர்ட்டுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் கோர்ட்டில் வழக்காடும் வான்ரோயன் என்ற புரொக்டர் துரை ஒரு சட்ட வகுப்பு வைத்தார். புரொக்டர் ஆக வேண்டுமென்றால் கொழும்பில் பரீட்சை எழுத வேண்டும். அந்தப் பரீட்சைக்கு உட்கார, ஒழுங்காகப் பாடம் கேட்டான் என்று ஒரு மூத்த புரொக்டர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வேண்டும். வகுப்பில் எட்டு மாணவர்கள். கோர்ட்டு கூடுவதற்கு முன் காலையில் இரண்டு மணி நேரம், வாரத்தில் மூன்று நாள். பேர் கூப்பிட்டுப் பதிவு வைக்க ஆள் வேண்டுமே? அய்யாக்கண்ணுவைக் கூப்பிட்டார். எட்டுப் பேரையும் வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டார் அவர். வந்தவனுக்கு நேரே ஒரு கோடு, வராதவனுக்கு ஒரு சுழி. அதற்கு எழுத்து எதற்கு?

முதல் நாளே கதவில் பத்து விதிகள் அடித்த தாள் ஒன்று தொங்கியது. இங்கிலீஷில் இருந்தது. அதை அய்யாக்கண்ணுவுக்குத் தமிழில் படித்துக் காட்டியவன் சிவஞானம். "எட்டு மணி அடிச்சா கதவச் சாத்திரணும் அண்ணே. கோட்டும் சப்பாத்தும் இல்லாம உள்ள வரக்கூடாது. வெத்தல கூடாது. துரை வந்தா எந்திரிச்சு நிக்கணும். காய்ச்சல்னா டாக்டர் கடுதாசி கொண்டாரணும். ரெண்டு நாளுக்கு மேல வராதவனுக்குச் சான்றிதழ் இல்ல..." இப்படியே பத்தும். ஏழாவது விதியைப் படித்ததும் சிவஞானம் சிரித்துவிட்டான். வகுப்புக்குள் இங்கிலீஷ் தவிர வேறு பேச்சுக் கூடாதாம். அதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான் அவன்.

அவனும் தெமோதரைப் பையன்தான். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டும் இராமையாவின் ஒரே மகன். மிஷன் பள்ளியில் படித்து, பெட்டிசன் எழுதி வயிறு வளர்த்து, இருபத்து நாலு வயதில் இந்த வகுப்புக்குள் வந்து உட்கார்ந்திருந்தான். மற்ற ஏழு பேருக்கும் வீட்டில் கடையோ காணியோ உத்தியோகமோ இருந்தது. லயத்திலிருந்து வந்தவன் இவன் ஒருவன்தான். இவனுடைய கோட்டு யாரோ ஒரு பெரிய உடம்புக்காரர் போட்டுக் கழித்தது. அதற்கென்ன? கேள்வி கேட்டால் முதலில் எழுந்து நிற்கிற தலை அவனுடையதாக இருந்தது. அய்யாக்கண்ணுவுக்கு அதில் சொல்ல முடியாத பெருமை. "நம்ம லயத்துப் பய!" என்று பெண்டாட்டியிடம் சொல்லிச் சொல்லி அவள் காதைப் புளிக்க வைத்துவிட்டார்.

ஐப்பசியில் இராமையா செத்துப்போனார். நெஞ்சுச் சளி. அன்று ஒரு நாள் சிவஞானத்துக்குச் சுழி விழுந்தது, அது நியாயம். அடுத்த வகுப்புக்கு அவன் வரமாட்டான் என்றுதான் அய்யாக்கண்ணு நினைத்தார். வந்துவிட்டான்! தலையும் மீசையும் மழித்து, இடுப்பில் ஒரு வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, வெறுங்கால். கொள்ளி வைத்த மகன் பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை சப்பாத்தும் தைத்த சட்டையும் போடமாட்டான்; அடுத்தவர் வீட்டு வாசற்படியையும் மிதிக்கமாட்டான். அதனால் உள்ளே வராமல் ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் நின்றுகொண்டான்.

"ஏன் தம்பி, இந்தக் கோலத்துல எதுக்கு வந்த?" என்றார் அய்யாக்கண்ணு.

"இன்னொரு நாள் போனா ரெண்டாயிரும் அண்ணே. அதுக்கு மேல ஒண்ணு போனா சான்றிதழ் இல்ல. அப்பா கேட்டதே அது ஒண்ணுதான். நீங்க பேரக் கூப்பிடுங்க, நா இங்கருந்தே சொல்றேன்."

அய்யாக்கண்ணு கூப்பிட்டார். முற்றத்திலிருந்து "ஆஜர்" என்று பதில் வந்தது. கோடு போட்டார். வான்ரோயன் துரை ஜன்னல் வழியாக அந்த மொட்டைத் தலையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் பாடத்தை ஆரம்பித்தார். அன்று சிவஞானம் இரண்டு மணி நேரம் நின்றபடியே குறிப்பு எழுதினான். அப்புறம் தெமோதரைக்கு நடந்தான். மறு வகுப்புக்கு மறுபடியும் விடியுமுன் கிளம்பி, ஹாலிஎல வழியாக மலைப்பாதையில் வெறுங்காலோடு வந்தான். இப்படி ஆறு வகுப்பு. இரண்டு நாள் நல்ல மழை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குறிப்புக் கொப்பியை நெஞ்சோடு அணைத்து நின்றான். ஆறு நாளும் துரை பார்த்தார். ஆறு நாளும் அவர் வாயைத் திறக்கவில்லை. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வயிறு எரிவதே அதனால்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசாங்கக் கச்சேரிப் பெரிய மனிதர் ஒருவரின் மருமகனும் அந்த வகுப்பில் இருந்தான். ஒன்பது நாள் வரவில்லை. வெள்ளைக்காரத் துரைமாரோடு மான் வேட்டைக்குப் போயிருந்தான். ஒன்பது தடவையும் வான்ரோயன் துரை, "அவனுக்கும் போடு, அவன் என் வேலையாகப் போயிருக்கிறான்" என்றார். அய்யாக்கண்ணு ஒன்பது தடவையும் கோடு போட்டார். போட்டவர் இவரேதான். அதை அவர் பின்னால் யாரிடமும் இல்லையென்று சொல்லவில்லை.

மார்கழிக் கடைசியில் வகுப்பு முடிந்தது. சான்றிதழ் கொடுக்கும் நாள். ஏழு பேருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த துரை, சிவஞானத்தின் தாளைத் தள்ளி வைத்தார்.

"நீ ஏழு நாள் வரவில்லை," என்றார்.

"ஒரு நாள்தான் துரை. பதிவுல இருக்கு, பாருங்க."

"மற்ற ஆறு நாள் நீ வகுப்புக்குள் இல்லை. கோட்டு இல்லை, சப்பாத்து இல்லை. இரண்டாவது விதி."

"அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாமே துரை? நா வராம இருந்திருப்பேனே, மழையில நின்னிருக்க மாட்டேனே!"

துரை அய்யாக்கண்ணுவைக் கூப்பிட்டார். தாளை முன்னால் வைத்து அந்த ஆறு கோடுகளையும் விரலால் தொட்டுக் காட்டினார். "இவற்றைச் சுழி ஆக்கு." மாணவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அய்யாக்கண்ணு பேனாவைத் தொடவில்லை.

"கூப்பிட்டேங்க. மூணுக்குள்ள பதில் வந்துச்சுங்க. அவரு ஆஜர்ங்க."

"முற்றத்தில் நின்றான்."

"மொதலாளிமாரு, கூலியாளு எல்லாரும் மரத்தடியில நின்னுதாங்க பதில் சொல்றாங்க. பத்தொன்பது வருசமா அப்பிடிச் சொன்னவன நா உள்ள ஆஜர்னு சொல்லி, கோர்ட்டு ஐயா அவன ஜெயிலுக்கு அனுப்பியிருக்காங்க. ஜெயிலுக்குப் போறதுக்கு மட்டும் ஆஜர், சட்டம் படிக்கிறதுக்கு ஆஜர் இல்லையாங்க?"

யாரோ ஒருவன் தொண்டையைச் செருமினான். துரையின் முகம் சிவந்தது. கொஞ்ச நேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, பெரிய மனசு பண்ணுகிறவர் மாதிரிச் சொன்னார்: "சரி. நான் கல்நெஞ்சன் இல்லை. ஆறு நாளுக்கும் பாதிப் பாதி தருகிறேன். மூன்று நாள்."

அரைப்பேர்! அய்யாக்கண்ணுவுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. எந்தப் பெரட்டுக் களத்தை விட்டு ஓடி வந்தாரோ, அதே கங்காணி சப்பாத்து மாட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான்! அதிலும் அந்தப் பாதியால் ஒரு காசு பிரயோஜனம் உண்டா? பாதி போட்டாலும் நாலு நாள் வராதவன் ஆகிறான். இரண்டுக்கு மேல் போனாலே சான்றிதழ் இல்லை. கொடுத்த மாதிரியும் ஆயிற்று, கொடுக்காத மாதிரியும் ஆயிற்று.

"வராத ஆளுக்கு ஒம்பது கோடு போடச் சொன்னீங்க, போட்டேன். அது எங் குத்தம்," என்றார் அய்யாக்கண்ணு. "வந்த ஆளுக்குப் போட்ட கோட்ட அழிக்கச் சொன்னா, அது நடக்காதுங்க."

துரை தாளை இழுத்துக்கொண்டார். தன் பேனாவாலேயே ஆறு கோடுகளையும் சுற்றிச் சுழி போட்டார். பார்க்கச் சகிக்கவில்லை, ஒவ்வொரு சுழிக்குள்ளும் கோடு அப்படியே தெரிந்தது. சிவஞானம் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு வெளியே போய்விட்டான். மற்ற ஏழு பேரும் சான்றிதழைச் சுருட்டி வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அய்யாக்கண்ணு சோற்றைத் தொடவில்லை. பெண்டாட்டி பாக்கியலெட்சுமி விஷயத்தைக் கேட்டாள். கேட்டுவிட்டுத் துரையைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் இவரைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஒம்பது கோடு எதுக்குப் போட்டீங்க?"

"துரை சொன்னாரு."

"துரை சொன்னா? கோர்ட்டுல துரை சொன்னா வராதவன வந்தான்னு சொல்லுவீங்களா?"

"அது எப்பிடி? கோர்ட்டு வேற..."

"என்னங்க வேற? ஒரே வாயி, ஒரே கொரலு. அங்க ஒண்ணு, இங்க ஒண்ணா? அப்பனுக்குக் கொள்ளி வச்ச சூடு ஆறாம மழையில நின்ன புள்ளைங்க அது. அந்தத் துரை அவன ஏமாத்தலாம், நீங்களும் சும்மா இருக்கப் போறீங்களா?"

அய்யாக்கண்ணுவுக்கு அவள் பேச்சில் ஒரு வார்த்தை மட்டும் மண்டைக்குள் நின்றுவிட்டது. ஒரே குரல். கோர்ட்டுக்கும் வகுப்புக்கும் ஒரே குரல் என்றால், வகுப்பில் துரை போட்ட சட்டம் கோர்ட்டிலும் ஓடட்டுமே!

ஒரு வாரம் பொறுத்திருந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் கிளாக்கர் சொன்ன மூன்றாவது பேர் ஒரு தோட்டத்துத் துரையுடையது. ஆற்றங்கரைக் காணி ஒன்றுக்காக வழக்குப் போட்டவர். அவருக்காக உள்ளே நின்றவர் வான்ரோயன். தோட்டத்துத் துரை ரோட்டுக்கு அப்பால் குதிரை வண்டியில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். அய்யாக்கண்ணு மூன்று தரம் கூப்பிட்டார். மூன்றாவது தரத்துக்கு அவர் வண்டியிலிருந்தபடியே கை ஆட்டிச் சத்தம் கொடுத்தார். அது ஊருக்கே கேட்டது.

அய்யாக்கண்ணு உள்ளே திரும்பினார்.  எப்போதும்போல அதே குரலில் சொன்னார்.

"ஆஜர் இல்லைங்க."

வழக்குப் போட்டவனே வராவிட்டால் வழக்குத் தள்ளுபடி. நீதிபதி பேனாவை எடுத்தார். வான்ரோயன் துள்ளி எழுந்தார். "இருக்கிறார்! வெளியே இருக்கிறார்! பதில் சொன்னாரே, நானே கேட்டேன்!"

நீதிபதி, முதலியார் மூலமாக அய்யாக்கண்ணுவிடம் கேட்டார். பதில் வந்ததா?

"வந்துச்சுங்க ஐயா. வெளியருந்து வந்துச்சு, உள்ள வரலைங்க. வெளிய நின்னு பதில் சொன்னா ஆஜர் இல்லைன்னு போன வாரம் புரொக்டர் துரைதாங்க சொன்னாரு. அவரு சட்டம் சொல்லிக்குடுக்கறவரு. எனக்கு என்னங்க தெரியும்?"

முதலியார் அதை மொழிபெயர்த்துச் சொல்லும்போது அவருடைய உதடு துடித்ததை எல்லாரும் பார்த்தார்கள். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இது உண்மையா, மிஸ்டர் வான்ரோயன்? இந்தக் கோர்ட்டின் வழக்கம் என்ன?"

என்ன செய்வார் மனிதர்? ஒன்று, கட்சிக்காரனின் வழக்கு போக வேண்டும். அல்லது, போன வாரம் சொன்னது போக வேண்டும். தோட்டத்துத் துரை வேறு, என்ன தாமதம் என்று சுருட்டோடு வாசலுக்கே வந்து நின்றார்.

"கூப்பிட்ட பேருக்குக் காது கேட்கும் தூரத்திலிருந்து பதில் சொன்னவர் ஆஜர்," என்றார் வான்ரோயன், ஒவ்வொரு சொல்லாக. "எப்போதும் அதுதான் வழக்கம்."

"அப்படியே பதியுங்கள்," என்றார் நீதிபதி. அப்புறம் அய்யாக்கண்ணுவை நிமிர்ந்து பார்த்து, வெளியே உள்ள சண்டையைக் கோர்ட்டுக்குள் இன்னொரு தரம் கொண்டுவந்தால் அந்தப் படியில் வேறு ஆள் நிற்பான் என்றும் சொன்னார். அய்யாக்கண்ணு கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

பின்வரிசையில் பெட்டிசன்காரர்களோடு உட்கார்ந்திருந்த சிவஞானம் அன்றே அந்தப் பதிவுக்கு நகல் எடுத்தான். கோர்ட்டு முத்திரை விழுந்த நகல். அதைக் கொண்டுபோய் வான்ரோயன் மேசையில் வைத்தான். பக்கத்தில், துரை அன்று தள்ளி வைத்த தன் சான்றிதழ்த் தாளையும் எடுத்து வைத்தான்.

"கொழும்புக்கு ரெண்டு காகிதம் அனுப்பலாம் துரை. ஒண்ணு நீங்க கோட்டச் சுழிச்ச கதைய நா எழுதுற பெட்டிசன், இன்னொண்ணு இந்தக் கோர்ட்டு நகல். இல்ல, நீங்க கையெழுத்துப் போட்ட சான்றிதழ் ஒண்ண மட்டும் அனுப்பலாம். எது வசதி?"

துரை கையெழுத்துப் போட்டார். பேனா தாளைக் கிழிக்காத குறை. சிவஞானம் கொழும்புக்குப் போனான், பரீட்சை எழுதினான், பாஸானான். தெமோதரை லயத்தில் மூன்று நாள் தப்பு மேளம் அடித்துக் கொண்டாடினார்கள்.

இதோடு விட்டிருந்தால் வான்ரோயனைக்கூட மன்னித்திருக்கலாம். தோற்றவன் சும்மா இருப்பதும் ஒரு மரியாதைதானே. ஆனால் அடுத்த வருஷ வகுப்பின் முதல் நாள், புது மாணவர்கள் எட்டுப் பேரும் உட்கார்ந்திருக்கையில், துரை, பழையபடி பேர் கூப்பிட வந்திருந்த அய்யாக்கண்ணுவிடம் ஒரு புதுத் தாளையும் சுத்தியலையும் ஆணிகளையும் நீட்டினார். "கதவில் அடி."

தாள் பழையதைவிட நீளமாக இருந்தது. அய்யாக்கண்ணு முன்வரிசையில் இருந்த சுந்தரலிங்கத்திடம் அதைக் காட்டினார். ஜவுளிக்கடைக்காரர் மகன் அவன். "என்ன தம்பி எழுதியிருக்கு? கூடுதலா இருக்கே?"

சுந்தரலிங்கம் துரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் படித்தான். "பதினோராவதா ஒண்ணு சேர்த்திருக்காங்க. துக்கம் காக்கிறவர் துக்கம் முடியிறவரைக்கும் வகுப்புக்கு வரக்கூடாது. வெளிய நின்னு குடுக்கிற குரல் கணக்கில வராது. அந்த நாளெல்லாம் வராத நாள்."

அய்யாக்கண்ணு துரையின் பக்கம் திரும்பினார். பிறகு அந்தக் கடைவீதிக் குரலில் பேசினார், தமிழில்.

"லயத்துல பொறந்த ஒருத்தன் உள்ள வந்துட்டான். ஒரே ஒருத்தன்! அதுக்காக ஒரு சட்டமாங்க? இனி எவன் அப்பனும் சாகக்கூடாதா? வெள்ளைக்கார வீட்டுலயும் சாவு விழுமே, அதுக்கும் இது உண்டுங்களா? இல்ல, எங்க வீட்டுச் சாவுக்கு மட்டுந்தானா?"

"இங்கே தமிழ் பேசக்கூடாது," என்றார் வான்ரோயன்.

"பேசிட்டேங்க. எம்பேருக்கு நேர சுழி போட்டுக்குங்க." சுத்தியலை மேசையில் வைத்தார். ஆணிகளை அதன் பக்கத்தில் வைத்தார். "இத எங் கையால அடிக்க மாட்டேன். கோர்ட்டுல பேரு கூப்பிடுறது கவருமெண்டு வேல, அதப் பாக்கப் போறேன்."

அவர் வெளியே இறங்கினார். வான்ரோயன் சுத்தியலை எடுத்து முன்வரிசைப் பக்கம் நீட்டினார். சுந்தரலிங்கம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். அடுத்தவனும் பார்த்தான். எட்டுப் பேரில் ஒருவனும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் துரையே போய் அந்தத் தாளை அடிக்க வேண்டியதாயிற்று.